பதினொரு பட்டன் போட்ட கணினி

அன்பு மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அக்காவும் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருந்தே ஆகவேண்டும், ஏனென்றால் இதைப் படித்து முடிக்கும்போது உனக்குக் கொஞ்சம் படபடப்பு வரும். இந்த வீட்டில் சுகமில்லாமல் கிடப்பது ஒரே ஒரு ஆள்தான். உன் அக்காவின் கணினி.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். பகலில் கூப்பிடலாம் என்றால், நீ வேலை பார்க்கும் இடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் கூப்பிடலாம் என்றால் உன் அக்கா பக்கத்தில் இருக்கிறாள். அவள் காது எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். சின்ன வயதில் நீ அடுக்களையில் பிஸ்கட் டப்பாவைத் திறந்த சத்தத்தை மாடியிலிருந்து கேட்டவள். செய்தி அனுப்பலாம் என்றால், என் போனில் வரும் செய்திகளை எனக்குப் படித்துச் சொல்வதே அவள்தான். அதனால் வெட்டும் மேசையில் உட்கார்ந்து, அளவு எழுதும் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டத்துக்குள் எழுத்து அடங்காவிட்டால் பொறுத்துக்கொள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் பாதித் தப்பு உன்னுடையது.

உன் அக்கா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்து அவர்களுடைய சங்கத்துக்கு அனுப்புகிறாள் அல்லவா? இந்த முறை சரித்திரப் புத்தகம், பன்னிரண்டு பாடம். முதல் நான்கை அனுப்பியாகிவிட்டது. ஐந்திலிருந்து பதினொன்று வரை படித்து முடித்து கணினியில் வைத்திருந்தாள். பன்னிரண்டாவதையும் படித்து வரும் திங்கட்கிழமைக்குள் எல்லாவற்றையும் சங்கத்தில் கொடுத்துவிட வேண்டும். அடுத்த மாதம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. இந்தக் கணினியோ, காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு அவள் குளித்து, தலை வாரி, காபி குடித்துவிட்டு வந்தாலும் அதே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து படிப்பாள். ஒரு பேரரசு வீழ்ந்ததற்கான காரணங்களை நான் இதுவரை ஏழு தடவை கேட்டுவிட்டேன். அந்த அரசனே அத்தனை தடவை கேட்டிருக்க மாட்டான்.

இதில் எனக்கென்ன கஷ்டம் என்றால், அவள் படிக்கும்போது நான் தையல் மிஷினை ஓட்டக்கூடாது. கடையில் நாற்பது வருடம் வெட்டிய கை. ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்தாருக்குக் கால்சட்டை குறைப்பது, தொளதொளச் சட்டையைப் பிடித்துத் தைப்பது என்று பொழுது போகிறது. பக்கத்து அறையில் படிப்பு ஆரம்பித்தால் இங்கே கை கட்டிக்கொண்டு உட்காரவேண்டும். பாதியில் மறந்துபோய்க் கால் தானாக மிதித்துவிடும், "மிஷினை நிறுத்துங்க" என்று சுவர் வழியாகக் குரல் வரும். கணினி வேகமானால் அவள் வேலை சீக்கிரம் முடியும், என் கால் விடுதலையாகும். ஏதோ மனைவி மேல் உள்ள பாசத்தால் இறங்கினேன் என்று நினைத்துவிடாதே. பாசம் பாதி, மிஷின் பாதி.

நீதானே போன மாதம் வந்தபோது, பழைய ஹார்ட் டிஸ்க்கால்தான் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது, எஸ்.எஸ்.டி. என்று ஒரு புது ரக டிஸ்க் போட்டால் பறக்கும் என்று ஆசை காட்டினாய்? அப்புறம் போனிலும் சொன்னாய். நீ சொன்னதை நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "அத்தான், முதல் வேலையா அக்காவோட பதிவு எல்லாத்தையும் வேற எதுலயாவது காப்பி எடுத்துடுங்க. மதர்போர்டு புத்தகத்துல எந்த ஸ்லாட்டுல எது வேலை செய்யும்னு போட்டிருக்கும், அதைப் படிங்க. பொருந்துமான்னு பார்க்காம வாங்காதீங்க. நடுவுல ஏதாவது ஆச்சுன்னா எதையும் கழட்டாதீங்க, நான் வந்து பார்த்துக்கறேன்."

பொருந்துமா என்று பார்க்கச் சொல்லி ஒரு தையல்காரனை அனுப்பிவிட்டு, அவன் டேப்பை எடுப்பான் என்று உனக்குத் தோன்றவில்லையே, அதுதான் உன் தப்பு.

திங்கட்கிழமை உன் அக்கா சங்கத்துக்குப் போனாள். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வருவாள். வந்து பொத்தானை அமுக்கியதும் திரை பளிச்சென்று வரவேண்டும், அவள் வாயைப் பிளக்கவேண்டும், நான் ஒன்றும் தெரியாதவன்போலப் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கவேண்டும் என்பது திட்டம். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினேன். உள்ளே இருந்த தூசியில் ஒரு தலையணை அடைக்கலாம். மிஷின் துடைக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தட்டி எடுத்துப் பார்த்தால், மதர்போர்டின் நடுவில் நீ சொன்ன அந்த ஸ்லாட், காஜா நீளத்துக்கு ஒரு சின்ன வாய். வாயிலிருந்து திருகு போடும் இடம் வரை எண்பது மில்லிமீட்டர், அகலம் இருபத்திரண்டு. இரண்டு தடவை அளந்தேன். காக்கித் தாளில் சாக்கட்டியால் வரைந்து, வாயில் துருத்திக்கொண்டிருந்த தடுப்புக்கு ஏற்ற மாதிரி வெட்டும் கொடுத்து, ஒரு பேட்டர்ன் தயார் செய்தேன். எந்தக் கணினிக் கடைக்கும் இவ்வளவு சுத்தமான அளவோடு எவனும் போயிருக்க மாட்டான்.

கடைக்காரர் முதலில் கேட்டது, "மதர்போர்டு மாடல் என்ன சார்?" நான் பேட்டர்னை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் இதில் இரண்டு ரகம் உண்டாம். சில போர்டு இதை ஏற்குமாம், சில போர்டு அதை ஏற்குமாம், சிலது இரண்டையும் ஏற்குமாம். "உள்ள போயிடும் சார். ஆனா போர்டு அதோட பேசணுமே" என்றார். உடம்பு சட்டைக்குள் போனால் போதும், அதோடு சட்டை என்ன பேசப்போகிறது என்று கேட்டேன். மனிதர் சிரிக்கவில்லை. போர்டின் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

இந்த இடத்தில் நீ கோபப்படக்கூடாது. புத்தகம் வீட்டில் இருக்கிறது. ஆனால் அந்த ஸ்லாட் பற்றிய பக்கம் இல்லை. அது மடித்து வைத்த பெரிய தாள், நல்ல கெட்டியான தாள். இரண்டு வருடத்துக்கு முன் எதிர்வீட்டுக்காரருக்குக் காலர் மாற்றும்போது அட்டை கிடைக்கவில்லை, அதை எடுத்துக் காலர் பேட்டர்ன் வெட்டிவிட்டேன். இன்றைக்கும் ஆணியில்தான் தொங்குகிறது, அருமையான காலர். அதில் பொடிப்பொடியாக என்னவோ அச்சடித்திருக்கிறது. காலரில் இருப்பதை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்ல முடியுமா? புத்தகம் தொலைந்துபோய்விட்டது என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, என் பேட்டர்னில் இருந்த வெட்டுக்குச் சரியாக வருகிற ஒன்றைத் தேடி எடுத்து அதன்மேல் வைத்துக் காட்டினார். ஒரு நூல் பிசகவில்லை. திறந்தால் திரும்ப வாங்கமாட்டோம் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மூடி, பிளக்கைச் செருகி, நீ சொன்னபடி முதலில் காப்பி எடுக்கத்தான் உட்கார்ந்தேன், சத்தியம். பென் டிரைவைச் செருகி, இழுத்துப் போட்டேன். ஐந்து மணி நேரம் ஆகும் என்று காட்டியது. மணி அப்போதே ஒன்று. இவள் ஐந்துக்கு வந்துவிடுவாள். பழையதை நாம் தொடப்போவதே இல்லையே, பக்கத்தில் புதிதாக ஒன்றை வைக்கத்தானே போகிறோம், ஒரு சட்டைக்கு இன்னொரு பை வைத்தால் இருக்கிற பை கிழிந்தா போகும் என்று நினைத்து நிறுத்திவிட்டேன். இந்த ஒரு இடத்தை நினைத்துத்தான் மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுபடி பிளக்கைப் பிடுங்கிப் புதியதைச் செருகினேன், வாய்க்குள் அழகாகப் போனது. ஆனால் மறுமுனை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதை அமுக்கிப் பிடிக்க ஒரு குட்டித் திருகு வேண்டுமாம், போர்டில் அது இல்லை. என் டப்பாவில் கொக்கி இருக்கிறது, ஊக்கு இருக்கிறது, அந்த அளவுக்குத் திருகு ஏது? மெழுகு தடவிய நூலை எடுத்து, பட்டன் தைக்கிற மாதிரி நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். ஆடவில்லை, அசையவில்லை. இதை நீ பார்த்துச் சிரிப்பாய், தெரியும். சிரி. ஆனால் உன் கல்யாணக் கோட்டின் பட்டன் இன்றைக்கும் விழாமல் இருப்பது இதே முடிச்சால்தான்.

பொத்தானை அமுக்கினேன். கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி. கூட்டிப் படித்தேன். கணினி ஆரம்பிக்க டிஸ்க் எதுவும் இல்லையாம். உள்ளே என்னென்ன பொருத்தியிருக்கிறது என்று காட்டும், நீ முன்பு சொல்லிக்கொடுத்த நீலப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். புதிதாக வந்தவன் பெயர் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. வெறும் கோடு. அதற்குள்தானே ஏழு பாடமும் இருக்கிறது!

மாப்பிள்ளை, நாற்பது வருடத்தில் எவ்வளவோ உயர்ந்த துணியில் கத்திரி வைத்திருக்கிறேன், ஒன்றைக்கூடப் பாழாக்கியதில்லை. அன்றைக்குப் பாழாக்கிவிட்டேன். புதியதைப் பிடுங்கிவிடலாமா என்று கையை நீட்டினேன். அப்போதுதான் உன் குரல் காதில் விழுந்தது, ஏதாவது ஆனால் எதையும் கழற்றாதீர்கள் என்று. கையை இழுத்துக்கொண்டேன். நீ சொன்னதில் நான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தது அந்த ஒன்றைத்தான்.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். அவசர அவசரமாகப் பலகையை மூடிவிட்டு நிமிர்ந்தால், கையில் டேப்போடு நான், எதிரே உன் அக்கா.

"என்ன பண்றீங்க?"

"அளவு எடுக்கறேன்."

"கம்ப்யூட்டருக்கா?"

"தூசி அடையுது. உறை தைக்கலாம்னு."

சொல்லிவிட்டேன், அப்புறம் தைக்காமல் இருக்க முடியுமா? செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்து தைத்தேன். கெட்டித் துணி, உள்ளே லைனிங், முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை பதினொரு பட்டன். வேண்டுமென்றேதான் பதினொன்று வைத்தேன், திறக்க யாருக்கும் பொறுமை வரக்கூடாது என்று. உன் அக்கா சுற்றி வந்து பார்த்தாள். இதைத் திறந்து நான் எப்போது வேலை பார்ப்பது என்று கேட்டாள். உன் தொண்டை கரகரக்கிறது, சனிக்கிழமை வரை வாயைத் திறக்காதே, கடைசிப் பாடம் கணீரென்று வரவேண்டாமா என்றேன். முப்பத்துமூன்று வருடமாக நான் சொன்ன எதையும் ஒரே பேச்சில் ஒப்புக்கொள்ளாதவள், சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து மணிக்கு ஒரு தடவை வெந்நீர் வைத்துக்கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவளும் வாங்கிக் குடிக்கிறாள்.

செவ்வாய் சாயங்காலம் அவள் குளிக்கப் போயிருந்தபோது அவள் போன் அடித்தது. எடுத்தேன். அவள் பதிவைக் கேட்டுப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை. முதல் நான்கு பாடத்தையும் மனப்பாடமாகப் படித்துவிட்டாளாம், ஐந்தாவது எப்போது வரும் என்று கேட்டாள். சீக்கிரம் வந்துவிடும் என்றேன். பேச்சை மாற்றலாம் என்று, பதிவில் நடுநடுவே என் மிஷின் சத்தம் வரும், தொந்தரவாக இருந்திருக்குமே, மன்னித்துக்கொள் அம்மா என்றேன். அதற்கு அவள் சொன்னாள், "இல்ல சார், அது கேட்டாத்தான் எனக்குப் படிக்கவே வரும். யாரோ வீட்டுல கூட இருக்கற மாதிரி இருக்கும்." போனை வைத்துவிட்டு நான் மிஷின் பக்கமே போகவில்லை. பக்கத்து வீட்டுக் கால்சட்டை அப்படியே கிடக்கிறது. இந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தால் கால் எழவில்லை.

ஆகையால் கேட்டுக்கொள்வது என்னவென்றால், சனிக்கிழமை காலை நீ கட்டாயம் வந்து சேரவேண்டும். கால்சட்டை தைக்க அளவு கேட்டு உனக்குக் கடிதம் எழுதுவதாக உன் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், அதனால் அளவு கொடுக்க நேரிலேயே வந்ததாகச் சொல். நான் அவளைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போகிறேன். நீ என்ன மாயம் செய்வாயோ தெரியாது, அந்த ஏழு பாடத்தையும் வெளியே எடுத்துவிடு. வேகம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பழையபடி அரை மணி நேரம் சுற்றினாலும் போதும். அவள் ஒவ்வொரு பாடத்தையும் முதலில் மனதுக்குள் படித்து, எங்கே மூச்சு விடவேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டு, அப்புறம்தான் வாய்விட்டுப் படிப்பாள். இரண்டு மாத உழைப்பு. துணியைப் பாழாக்கினால் வேறு துணி வாங்கிக் கொடுக்கலாம். அவள் குரலைப் பாழாக்கிவிட்டு நான் எங்கே போய் வாங்குவேன்? எடுக்கவே முடியாது என்றால் எதையும் மறைக்காதே, நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது நீ பக்கத்தில் நின்றால் போதும். தப்பில் பாதி உன்னுடையது என்று மேலே எழுதினேன் அல்லவா, அடித்துவிடலாம் என்று பார்த்தால் பேனா மை தாள் முழுக்கப் பரவும். நீயே அடித்துக்கொள்.

இனி என் ஆயுளில் கணினிக்குள் டேப்பை விடமாட்டேன். உன் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். எதையும் அளப்பதற்கு முன் படிக்கட்டும். உன் மனைவிக்கு என் விசாரிப்பு. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், ஒரு திருகும் தொலையாமல் நூறாண்டு வாழவேண்டும்.

இப்படிக்கு,
பதினொரு பட்டனுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்
உன் அத்தான்

பசை காய்ந்துபோயிருந்ததால் உறையைத் தைத்துக் கூரியரில் அனுப்புகிறேன். இழுத்துக் கிழிக்காமல் கத்திரியால் பிரி.

பி.கு.

தம்பி, இது அக்கா. விலாசம் எழுத என்னிடம்தான் கொடுத்தார். கால்சட்டை அளவு கேட்க இத்தனை தாளா என்று கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. இவர் போட்ட தையலை முப்பத்துமூன்று வருடமாகப் பிரித்துப் பழகியவள் நான். பிரித்துப் படித்துவிட்டு, அதே துளைகளில் திரும்பத் தைத்து அனுப்புகிறேன். தையல் கொஞ்சம் கோணலாக இருந்தால் அது என்னுடையது.

திங்கட்கிழமை வீட்டுக்குள் நுழைந்தபோதே மேசைமேல் போர்டின் புத்தகம் விரிந்து கிடந்தது, நடுவில் ஒரு பக்கம் இல்லாமல். இல்லாத பக்கத்தைத் தேடினேன். ஆணியில் காலராகத் தொங்கியது. புதன்கிழமை இவர் முன்பு வேலை பார்த்த தையல் கடைக்காரர்களைப் பார்க்கப் போன நேரத்தில் அதை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தேன். காலர் முனையில் அடிக்குறிப்பு: இந்த வாயில் ஒன்றைச் செருகினால் ஐந்தாம் எண் துளை வேலை செய்யாது, அதில் இருப்பதை வேறு துளைக்கு மாற்றவும். பதினொரு பட்டனையும் கழற்றினேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய டிஸ்க்கின் ஒயரை ஐந்திலிருந்து எடுத்து நான்கில் செருகினேன். அவ்வளவுதான். எப்போதும்போல் ஆற அமர விழித்துக்கொண்டது. ஏழு பாடமும் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கொஞ்சம் ஓடவிட்டுக் கேட்டேன், பென் டிரைவிலும் எடுத்துவிட்டேன். ஐந்து மணி நேரம் எல்லாம் ஆகவில்லை, முக்கால் மணிதான். அது சொன்ன முதல் கணக்கை இவர் நம்பிவிட்டார்.

புதிதாக வாங்கியதும் காலியாகப் பக்கத்திலேயே காட்டுகிறது. இந்தப் போர்டு ஏற்கிற ரகம் இதுதான் என்று அதே காலரில் போட்டிருக்கிறது. ஆக, படிக்காமல் வெறும் டேப்பை வைத்தே சரியானதைத்தான் வாங்கி வந்திருக்கிறார். இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே, அப்புறம் பிடிக்க முடியாது.

எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றுவது உன் வேலை. சனிக்கிழமை நீ வா. என்னைக் கடைக்கு அழைத்துப்போகட்டும், போகிறேன். நாங்கள் திரும்பி வரும்போது புருவத்தைச் சுருக்கிக்கொண்டு ரொம்பக் கஷ்டப்பட்டவன்போல உட்கார்ந்திரு. எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. மணிக்கொரு தடவை கைக்கு வெந்நீர் வருவது சனிக்கிழமை வரைக்குமாவது நீடிக்கட்டும். நூலை மாற்றத் திருகு ஒன்று கொண்டுவா. கொண்டுவராவிட்டாலும் பரவாயில்லை, நூல் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது.

இன்னொன்று. புதன்கிழமை, இவர் இல்லாத அந்த நிசப்தத்தில் பன்னிரண்டாவது பாடத்தையும் படித்து முடித்து, அவர் வருமுன் பட்டனையெல்லாம் திரும்பப் போட்டுவிட்டேன். ஒரு தடங்கல் இல்லை, யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை, இதைவிடச் சுத்தமாக நான் எதையும் பதிவு செய்ததில்லை. பரீட்சைக்கு அவசரமாயிற்றே என்று அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஐந்தாவதையும் பன்னிரண்டாவதையும் போனில் அனுப்பினேன். இன்று காலை கூப்பிட்டாள். "அஞ்சாவதுல மிஷின் சத்தம் இருக்கு டீச்சர். பன்னெண்டாவதுல இல்லையே. சார் ஊர்ல இல்லையா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அதை மறுபடி முதலிலிருந்து படிக்கப்போகிறேன். நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முன் எப்படியாவது அவரை மிஷினில் உட்காரவைத்துவிட்டுப் போ.